பொலிஸ் வழக்கு முடியட்டுமாம்!

"பொலிஸ் வழக்கு முடியட்டும், பிறகு பாப்பம்." இந்தக் கதையை இனி ஆராவது எங்கட விறாந்தையில இருந்து சொல்லட்டும், எழும்பிப் போகச் சொல்லிப்போடுவன்.

2022 ஐப்பசியில வேலை முடிஞ்சு சைக்கிளில வந்த அண்ணாவை யாழ்ப்பாணம் கோண்டாவில்ல ஒரு வான் அடிச்சுது. வலது முழங்கை நொறுங்கிப் போச்சு. மேசன் வேலை செய்யிற மனிசனுக்கு வலக்கை! மூண்டாம் நாள் வான்காரர் தோடம்பழமும் நெஸ்டமோல்ட் பெட்டியும் கொண்டு வாட்டுக்கு வந்து, அம்மாவின்ர கையைப் பிடிச்சு, "வழக்கு முடியட்டும் அம்மா, நாங்கள் கைவிடமாட்டம்" எண்டவை. அம்மா நம்பினா. நாங்களும்தான்.

நீதவான் நீதிமன்றத்தில அந்தப் பொலிஸ் வழக்கு கிட்டத்தட்ட ரெண்டு வருசம் இழுபட்டுது. கடைசியில சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிப்போட்டுப் போயிட்டார். அந்தத் தண்டக்காசு அரசாங்கத்துக்குப் போறது. கை முறிஞ்சவனுக்கு அதில ஒரு சதம் இல்லை. காயப்பட்டவருக்கு நட்டஈடு குடுக்கச் சொல்லவும் நீதவானுக்கு இடமிருக்கு. அப்பிடிக் கேக்கலாம் எண்டே எங்களுக்கு ஆரும் சொல்லேல்லை. வான்காரருக்குப் போன் எடுத்தா, "அதான் கோட்ஸ் தீர்த்துப்போட்டுதே" எண்டினம்.

பிறகுதான் ஒரு சட்டத்தரணியிட்டைப் போனம். அவா கேட்ட முதல் கேள்வி, "விபத்து நடந்தது எந்தத் திகதி?" சொன்ன உடன கலண்டரைப் பாத்தா. ஒன்பது நாள் மிச்சம். நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில சிவில் வழக்குப் போட இருக்கிறது ரெண்டே ரெண்டு வருசம். 1871இல வந்த சட்டம் அது, இண்டைக்கும் அதுதான். பொலிஸ் வழக்கு நடக்குதெண்டு அந்தக் கணக்கு நிக்காது. ஒன்பது நாளும் சாப்பாடு தண்ணியில்லாமல் ஓடித்திரிஞ்சு வழக்கைப் போட்டம். இன்னும் ரெண்டு கிழமை அந்தத் தோடம்பழக் கதையை நம்பியிருந்தா எல்லாம் போயிருக்கும்.

போட்ட பிறகு தவணை, தவணை, தவணை. முதல் தவணைக்கு அழைப்பாணை சேரேல்லை, வான்காரர் வீடு மாறிட்டினமாம். ரெண்டாந் தவணையும் அதே கதை. பிறகு அவையின்ர மறுமொழிக்கு மூண்டு தரம் நாள் குடுபட்டுது. ஒவ்வொருக்காலும் அண்ணா காலமை ஏழரைக்கே வெள்ளைச் சட்டையோட எக்ஸ்ரே உறையைக் கமக்கட்டுக்குள்ள வச்சுக்கொண்டு வெளிக்கிடுவார். பேர் கூப்பிட்டு ரெண்டு நிமிசத்தில அடுத்த திகதி.

வந்த மறுமொழியைக் கேளுங்கோ. சைக்கிளில லைட் இல்லையாம், அதால அவரிலும் பிழையாம். பின்னேரம் நாலு மணிக்கு லைட்! ஏன் தெரியுமோ? காயப்பட்டவரிலும் பிழை எண்டு காட்டினா, 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பங்குக்கு நட்டஈட்டைக் குறைக்கலாம். மூண்டாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனம் றோட்டில இறக்கேலாது எண்டு சட்டமே சொல்லுது. இப்பிடி அடிபட்டவனுக்குக் குடுக்கத்தானே அந்தக் காப்புறுதி? பிறகேன் இந்தப் பொய்?

இதைவிட வயிறெரியிறது கணக்குக் காட்டுறதுதான். வைத்தியச் செலவு, இழந்த உழைப்பு, இனி உழைக்க ஏலாமல் போறது, பட்ட நோவு எல்லாம் கேக்கலாம். ஆனா நாங்கள்தான் நிரூபிக்கோணும். அரசாங்க ஆஸ்பத்திரியில பில் இல்லை. ஓட்டோக்காரர் துண்டு தாறேல்லை. நாள்கூலி மேசனிட்டைச் சம்பளத் துண்டுக்கு எங்க போறது? பத்து வருசம் அண்ணாவை வச்சு வேலை வாங்கின கொந்தராத்துக்காரர், "கோட்ஸ்வாசல் எனக்கு வேண்டாம் தம்பி" எண்டு கதவடியிலேயே அனுப்பிப்போட்டார்.

கடைசியில அண்ணியின்ர வீட்டுச் செலவுக் கொப்பிதான் கிடைச்சுது. சனிக்கிழமைச் சனிக்கிழமை அண்ணா குடுத்த காசைப் பென்சிலால எழுதி வச்சிருக்கிறா, மாவுக்கும் மீனுக்கும் மேல. சட்டத்தரணி ஒவ்வொரு ஒற்றையாப் பிரட்டிப் பாத்தா. 2022 ஐப்பசிக்குப் பிறகு அந்த வரி இல்லை.

உங்கட ஆள் ஆரும் வாட்டில கிடந்தா, இண்டைக்கே விபத்துத் திகதியைக் கலண்டரில வட்டம் போடுங்கோ. ஸ்கான் துண்டு, மருந்துத் துண்டு ஒண்டையும் எறியாதேங்கோ. பொலிஸ் வழக்கு அது தன்ரபாட்டில நடக்கட்டும், நீங்கள் இப்பவே ஒரு சட்டத்தரணியிட்டைப் போங்கோ.

அண்ணாவுக்கு அடுத்த தவணை மாசியில. சாந்துத் தாச்சியைத் தூக்க அவருக்கு இன்னும் ஏலாது.