வாசிக்கத் தெரியுமா?

போன வருடம் மே மாத விடுமுறையில், ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு இசைக்கருவிக் கடைக்கு வயலின் வாங்கப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் கண்ணாடியில் விரலை வைத்ததும் கல்லாவில் இருந்தவர் கேட்டார்: "வாசிக்கத் தெரியுமா?"

தெரியாது, இனிமேல்தான் படிக்கப் போகிறாள் என்றேன். "அப்போ இப்ப எடுத்து என்ன செய்யப் போறீங்க? படிச்சிட்டு வாசிச்சுப் பாக்கலாமே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதை நினைத்தால்தான் இன்று எரிச்சல் வருகிறது.

ஒன்றை இறக்கிப் பெட்டியோடு மேசையில் வைத்தார். சின்னதாக வேண்டாமா என்று கேட்டேன். "வளர்ற பிள்ளைதானே, பெருசா வாங்கிப் போடுங்க." ஜூன் மாதத்தில் பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கும்போது நாமே டெய்லரிடம் சொல்லும் வசனம் இது. தலையாட்டினேன். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வீட்டில் வயலினைத் தோளில் வைத்து வில்லை இழுத்தாள். சத்தமே இல்லை. இன்னும் அழுத்தி இழுத்தாள். காகிதத்தைத் தேய்ப்பது போல ஒரு முனகல், அவ்வளவுதான். நானும் இழுத்துப் பார்த்தேன். அன்று இரவு சாப்பிடும்போது, "எனக்கு வராதுப்பா" என்றாள். ஒரு நாள்கூடப் படிக்காத பிள்ளை.

பாட்டு டீச்சர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. புதிய வில்லின் மயிரில் ரோசின் தேய்க்காவிட்டால் அது தந்தியைப் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். ரோசின் என்பது மரப்பிசினில் செய்த ஒரு சிறு கட்டி. அது பெட்டியிலேயே இருந்தது, உறைகூடப் பிரிக்காமல். கடைக்காரர் ஒரே ஒரு தடவை எங்கள் கண் முன்னால் அந்த வில்லை இழுத்துக் காட்டியிருந்தால் அவருக்கே ஞாபகம் வந்திருக்கும். அடுத்து, பிரடை, அதாவது தந்தியை முறுக்கி ஏற்றும் முளை, நிற்கவில்லை. சுருதிக்கு ஏற்றி முடித்துக் கையை எடுத்தால் 'கிர்' என்று இறங்கிவிடுகிறது. மூன்றாவது, அது முழு சைஸ். வயலினைத் தோளில் வைத்து இடது கையை நீட்டினால், முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்கும்போதே உள்ளங்கை அதன் சுருள் தலையைப் பிடிக்க வேண்டும். இவளுக்கு விரல் நுனிகூட எட்டவில்லை. வயலினில் அரை, முக்கால் என்று சைஸ் இருப்பது இதற்காகத்தான்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். பில்லின் அடியில் சின்ன எழுத்தைக் காட்டினார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.' நம் ஊரில் ஜவுளிக் கடை முதல் பாத்திரக் கடை வரை இந்த வரி இருக்கிறது, நாமும் சாமி வாக்கு மாதிரி கேட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. பழுதான பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம். ஆனால் சட்டம் பேசுவது பழுதைப் பற்றி. பிரடைக்கு அது பொருந்தும், சைஸுக்கு எப்படிப் பொருந்தும்? தலையாட்டி வாங்கியது நான்தானே. பிரடையை மட்டும் சரிசெய்து கொடுத்தார்கள்.

எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவது அந்த முதல் கேள்விதான். வாசிக்கத் தெரிந்தவன் ஏமாற மாட்டான். கிதாரை எடுத்தால் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தினால் எங்காவது 'ஜிர்' என்று இரைகிறதா, கழுத்து வளைந்திருக்கிறதா என்று அவனே பார்த்துக்கொள்வான். ஒன்றும் தெரியாதவனுக்குத்தான் தொட்டுப் பார்ப்பது அவசியம். தந்தி உயரமாக நிற்கும் கிதாரை வாங்கிப் போன பையன், விரல் நுனி கன்றிப்போய் ஒரு மாதத்தில் அதைச் சுவரில் மாட்டிவிடுவான். குறை கிதாரில் இருக்கிறது என்று அவனுக்கு யார் சொல்வது?

நாம் எதையாவது தட்டாமல் வாங்குகிற ஆட்களா? வடசேரி சந்தையில் சக்கையை, அதாவது பலாப்பழத்தை, தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். தேங்காயைச் சுண்டிப் பார்க்கிறோம். மண்பானையைக் காதோரம் வைத்துத் தட்டினால், கீறல் விழுந்தது தன் குரலிலேயே காட்டிக்கொடுத்துவிடும். வாங்குகிறவனுக்குப் பானை வனையத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. வில்லுப்பாட்டுக்குக் குடம் எடுக்கிறவரும் நாலு குடத்தைத் தட்டிக் கேட்டுத்தான் எடுப்பார். சுசீந்திரம் கோயிலில் ஒரே கல்லில் 18 அடி உயரத்துக்குச் செதுக்கிய இசைத்தூண்களுக்குக் கம்பி அடித்து வைத்திருக்கிறார்கள், அது நியாயம். போனால் இன்னொன்று வராது. ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்கிற கிதாருக்கு எதற்குக் கம்பித் தடுப்பு?

கடைக்காரர் பக்கம் இல்லாமல் இல்லை. கடற்காற்று ஊர். வியர்வைக் கையால் பத்துப் பேர் தொட்டால் தந்தி துருப்பிடிக்கும். பெல்ட் கொக்கி கிதாரின் முதுகில் கோடு போட்டுவிடும், அப்புறம் அதை யாரும் புதுசு என்று எடுக்க மாட்டார்கள். டிசம்பரில் கேரல் நேரம் வந்தால் இளவட்டங்கள் ஏழெட்டுப் பேர் நுழைந்து, டிரம்மை அரை மணி நேரம் அடித்துவிட்டு, ஒரு ஜோடிக் குச்சி வாங்கிக்கொண்டு போவார்கள். இன்னும் மோசம், கடையில் எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துவிட்டு, வாசலில் நின்றே போனில் எந்தத் தளத்தில் விலை குறைவு என்று பார்க்கிற நம் பழக்கம். மாதம் பிறந்தால் வாடகை கட்டுகிற மனுஷனுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். தொடவும் விடாமல் அட்டைப்பெட்டியோடு கொடுப்பதென்றால், கூரியர் பையன் அதைவிட நன்றாகச் செய்கிறான், வீட்டு வாசலுக்கே வந்து. போனில் கிடைக்காதது கடையில் ஒன்றுதான் இருக்கிறது: கருவி கைக்கு வரும் அந்தப் பத்து நிமிடம். அதையும் பூட்டி வைத்துவிட்டு, ஆன்லைன்காரன் கெடுத்துவிட்டான் என்று புலம்பினால் எப்படி? (அந்த நாகர்கோவில் கடையின் வாசலில் யமஹா என்று பெரிய பலகை. பைக் கம்பெனி என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். 1887-இல் ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடத்தில் பழுதான ஆர்கனைப் பழுதுபார்க்கப் போன ஆள் தொடங்கியது அது. அதன் சின்னத்தில் இருப்பது மூன்று இசைக்கவை, சுருதி பார்க்கத் தட்டுகிற இரட்டை முனைக் கவை. பலகைக்கு உள்ளே, சுருதி பார்க்க ஒரு ட்யூனர்கூட இல்லை.)

மகளை வகுப்பை விட்டு நிறுத்த மனம் வரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். கடையில் ஒரு பெரியவர் ஹார்மோனியத்தின் துருத்தியை விரித்துவிட்டு, கட்டை எதையும் அழுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "காத்து நிக்குதான்னு பாக்கேன் சாரே. மூடிக் கெடக்கும்போதே துருத்தி சடார்னு எறங்குனா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்." வாசிக்கத் தெரியாத நானும் செய்யக்கூடிய சோதனை.

அவர் எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "கைய நீட்டு மக்களே" என்றார். அளந்து பார்த்து, அரை சைஸில் நான்கு வயலினை எடுத்து மேசையில் வைத்தார். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே விலை. ஒவ்வொன்றுக்கும் ஸ ப ஸ ப என்று சுருதி சேர்த்து, ஒரே வில்லுக்கு ரோசின் தேய்த்து, மகளைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். என்னையும்தான். ஒரே இரண்டு வரியை நான்கிலும் வாசித்தார். விலைச்சீட்டு ஒன்றாக இருந்தாலும் மரம் ஒன்றில்லையே. ஒன்று மூக்கடைத்த மாதிரி இருந்தது. இன்னொன்று கூர்மையாகக் காதைக் குத்தியது. மூன்றாவது வந்தபோது அவள் திரும்பாமலேயே கையைத் தூக்கினாள். நானும் மனதுக்குள் அதைத்தான் குறித்து வைத்திருந்தேன். அப்புறம் அவள் கையிலேயே வில்லைக் கொடுத்தார். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. கேட்கச் சகிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். நடுவில் இரண்டு பேர் தந்தி வாங்க வந்து காத்திருந்தார்கள், அவர்களும் எது நல்லது என்று அபிப்பிராயம் சொன்னார்கள். ஆன்லைனைவிட எழுநூறு ரூபாய் அதிகம். அண்ணாச்சி கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

அந்தப் பெரிய வயலின் பீரோவுக்கு மேலே இருக்கிறது. மாதம் ஒரு தடவை அவளே ஸ்டூல் போட்டு இறக்கி, தோளில் வைத்துக் கையை நீட்டிப் பார்ப்பாள். போன ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தாள். இன்னும் நாலு விரற்கடை வேண்டுமாம்.