தமிழை வாசிக்க விசேட போன் தேவையில்லை

பார்வையற்ற பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் வாசித்துக்காட்ட விசேட போன் வாங்க வேண்டுமாம், சாதாரண போன் தமிழ் வாசிக்காதாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி பிழை. பெரும்பாலான அன்ட்ரொய்ட் போன்களில், திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் டோக்பேக் ஏற்கனவே இருக்கிறது. செற்றிங்ஸில் அக்சசிபிலிற்றிக்குள் போய் அதை இயக்கி, கூகுள் குரலில் தமிழைத் தெரிவுசெய்து நீங்களே கேட்டுப் பாருங்கள். (இயக்கியபின் ஒருதரம் தொட்டால் பெயரைச் சொல்லும், திறக்க இருதரம் தட்ட வேண்டும், போன் பழுதென்று பயப்படாதீர்கள்.) கணினிக்கு என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பான் இருக்கிறது, 2006இல் பார்வையற்ற அவுஸ்திரேலியர் ஒருவர் தொடங்கியது, முழுக்க இலவசம்.

உண்மையான தலையிடி தட்டச்சு செய்யும் எங்கள் பக்கம்தான்: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய வினாத்தாளைக் கொடுத்தால் இவை ‘அம்மா’வை ‘எம், கே’ என்று ஆங்கில எழுத்தாக உளறும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோட்டில் தட்டினால் சரி. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் அழித்துவிடுங்கள்.