மோரில் விழும் உப்பையும் கணக்கில் எடுங்கள்
தினமும் மோரும் நீராகாரமும் குடித்தால் ரத்த அழுத்த மாத்திரையே தேவைப்படாது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. பால் புளிக்கும்போது புரதம் உடைந்து, ரத்தக் குழாயைச் சுருங்கச் செய்யும் பொருளை உருவாக்கும் ஏசிஇ நொதியைத் தடுக்கிற சிறு பெப்டைடுகள் உண்டாகின்றன என்பது உண்மைதான். ஜப்பானில் இதற்காகவே புளித்த பால் பானம் விற்கிறார்கள். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2012-இல் புளித்த பால் பற்றிய 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மேல் அழுத்தம் குறைந்தது சராசரியாக 2.45 புள்ளி மட்டுமே. கீழ் அழுத்தத்தில் சொல்லும்படியான மாற்றமே இல்லை. 160-இல் நிற்பவருக்கு இது எந்த மூலைக்கு? என் அப்பா இப்படி எதையோ படித்துவிட்டு மாத்திரையை அவராகவே நிறுத்தினார். காலையில் ஒரு செம்பு நீராகாரம், மதியம் ஒரு செம்பு மோர். இரண்டிலும் கல்லுப்பை விரல்களால் அள்ளிப் போட்டுக் கலக்குவார், தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் நார்த்தங்காய் ஊறுகாயும். மூன்றாவது வாரம் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அளந்து பார்த்தால் 180. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்கும் குறைவான உப்பு. இந்துப்பு போட்டால் பரவாயில்லை என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து சொன்ன ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஐயா, அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். அப்பா இன்றும் மோர் குடிக்கிறார், உப்பில்லாமல், இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டு, மாத்திரையை விழுங்கிய பிறகு.