காலை நீரே பொருத்தம்

வீட்டுத் தோட்டச் செடிகளுக்கு மாலையில் நீர் ஊற்றுவதே சிறந்தது என்று ஒரு கட்டுரை கூறுவதை அப்படியே ஏற்க இயலவில்லை. இலைகள் இரவு முழுவதும் ஈரமாக இருந்தால் பூஞ்சை நோய்கள் எளிதில் பற்றும் என்பதால், குறிப்பாகத் தக்காளிக்கு, காலை ஏழு மணிக்குள் வேர்ப்பகுதியில் ஊற்றுவதே நல்லது; வெயில் ஏறுமுன் நீர் ஆழம்வரை இறங்கிவிடும், தப்பித் தவறி நனைந்த இலைகளும் விரைவில் உலர்ந்துவிடும். எனினும், சென்னை மொட்டைமாடிகளில் உள்ள சிறு தொட்டிகள் கத்திரி வெயிலில் பிற்பகலுக்குள்ளேயே காய்ந்துவிடக்கூடும் என்பதால், அந்நாட்களில் மாலையிலும் இலைகளில் படாமல் சிறிது ஊற்றலாம். வெயிலில் கிடந்த குழாயிலிருந்து முதலில் வரும் நீரை (கையே சுடும்!) சற்று வடியவிட வேண்டும். நண்பகலில் இலைகள் துவள்வதை மட்டும் வைத்து முடிவெடுக்கலாகாது; மண்ணில் ஈரம் இருக்கும்போதே பூசணி அவ்வாறு துவண்டு, வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துகொள்ளும். இரண்டு அங்குல ஆழத்திற்கு விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பது அதைவிட நம்பகமானது.