அடைத்து வைத்தால் சரியாகிவிடாது

வலி மாத்திரைக்கு அடிமையான பையனை ஏதாவது ஒரு போதை மீட்பு 'சென்டரில்' மூன்று மாதம் போட்டு வைத்தால் திருந்தி வந்துவிடுவான் என்று நம்பிக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். அவன் வெளியே வரும் முதல் சில வாரங்கள்தான் அவன் உயிருக்கு ரொம்ப ஆபத்தான நாட்கள். இதை அந்த சென்டர்காரர்கள் சொல்வதில்லை. பல டாக்டர்களும் அழுத்திச் சொல்வதில்லை.

காரணம் இதுதான். டேபண்டடால், டிரமடால், மார்ஃபின், ஹெராயின் எல்லாம் ஓபியாய்டு என்கிற ஒரே குடும்பம். வலியை அடக்கும், மனசை லேசாக்கும், கூடவே மூச்சையும் மந்தமாக்கும். தினமும் எடுக்க எடுக்க உடம்பு பழகிவிடும். நேற்று போதுமாக இருந்தது இன்று போதாது. முன்பு மயங்கி விழவைத்திருக்கும் அளவைக்கூட எடுத்துவிட்டு நடமாட முடியும். நிறுத்தினால் இந்தத் தாங்கும் சக்தி மளமளவென்று இறங்கிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் ஏக்கம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. மூன்று மாதம் கழித்து வெளியே வருபவன், ஏதோ ஒரு கெட்ட நாளில், பழைய ஞாபகத்தில் பழைய அளவையே எடுப்பான். மூச்சு நின்றுவிடும். "நல்லாத்தானே இருந்தான், திருந்திட்டான்னு நினைச்சோம்" என்று சாவு வீட்டில் சொல்லி அழுவார்கள்.

எங்கள் சித்தி பையன் கதையும் அந்த முடிவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. பைக் விபத்தில் கால் எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். வலிக்கு டேபண்டடால் எழுதிக் கொடுத்தார்கள். கால் கூடிவிட்டது, மாத்திரை நிற்கவில்லை. சீட்டு இல்லாமல் மெடிக்கலில் கிடைத்தது. அங்கே கிடைக்காதபோது அட்டை அட்டையாக விற்கும் ஆட்களிடம் கிடைத்தது. பிறகு ஊசி. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பான். சித்தி அவன் பேண்ட் பாக்கெட்டைத் துழாவுவார், பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கிடைக்காத நாளில் அவன் படும் பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஓயாத கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர். அப்புறம் உடம்பெல்லாம் புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைகிற மாதிரி வலி. படுத்தால் காலை உதைத்துக்கொண்டே இருப்பான். அந்த நிலையில் ஒருவனிடம் போய் "அம்மா முகத்தைப் பாருடா, விட்டுடுடா" என்று சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்போது அவன் போதைக்காக மாத்திரை தேடுவதில்லை. அந்த வேதனை நிற்க வேண்டும் என்றுதான் தேடுகிறான்.

இந்தப் பாடு ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். உடனே எல்லோரும் "குணமாயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் கோபம் இங்கேதான். உடம்பு அடங்கிய பிறகுதான் வைத்தியமே ஆரம்பிக்க வேண்டும்.

அந்த வைத்தியம் இருக்கிறது. பியூப்ரனார்ஃபின் என்று ஒரு மாத்திரை, நாக்குக்கு அடியில் வைப்பது. இதுவும் ஓபியாய்டுதான், ஆனால் மூளையில் அதே இடத்தில் உட்கார்ந்து பாதி வேலைதான் செய்யும். ஏக்கமும் உடம்புப் பாடும் அடங்கும். ஒரு அளவுக்கு மேல் மூச்சை அமுக்காது. ஆனால் தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் இதிலும் ஆபத்து உண்டு. பிரான்சில் 1995-க்குப் பிறகு சாதாரணக் குடும்ப டாக்டர்களே இதை எழுதலாம் என்று விட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஹெராயின் அளவு மீறிச் சாவது ஐந்தில் நான்கு பங்குக்குப் பக்கமாகக் குறைந்தது. நம் நாட்டிலும் ஊசி போடுபவர்களுக்காக நேகோ என்கிற மத்திய அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ஓஎஸ்டி (ஓபியாய்டுக்கு மாற்று மருந்து தரும்) மையங்களில் இலவசமாகத் தருகிறார்கள். நர்ஸ் முன்னாலேயே வாயில் வைத்து, முழுக்கக் கரையும்வரை பேசாமல், தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் பையன் அப்படி உட்கார்ந்திருந்துவிட்டு நேராக வேலைக்குப் போவான்.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். சித்திக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. "நீங்க தினம் மாத்திரை போடறீங்களே சித்தி, அதுக்கு அடிமைன்னா அர்த்தம்?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அவரே அவனோடு மையத்துக்குப் போனார். எத்தனை நாள் எடுக்க வேண்டும் என்பதை டாக்டரும் அவனும் முடிவு செய்யட்டும். சொந்தக்காரர்கள் அவசரப்படுத்தி நிறுத்த வைத்தால் திரும்பவும் முதலிலிருந்துதான்.

இது கெட்ட சகவாசத்தால் வருவது என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். 1996-ல் பர்டூ என்ற மருந்து நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையைக் கொண்டுவந்தது. அடிமையாகும் அபாயம் குறைவு என்று டாக்டர்களிடம் சொல்லி விற்றது. அதன் ஆபத்தைப் பற்றித் தவறான தகவல் கொடுத்ததாக 2007-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முதுகுவலிக்கு டாக்டரிடம் போன சாதாரண ஜனங்கள்தான் அதில் சிக்கியவர்களில் ஏராளம்.

அதற்காக இந்த மருந்துகளையே தடை செய் என்று நான் சொல்ல மாட்டேன். 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைக்காமல் எத்தனையோ பேர் கதறிக் கதறிச் செத்திருக்கிறார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தித்தான் கொஞ்சம் தளர்த்தினார்கள். தடையால் மட்டும் பிரச்சினை தீர்வதும் இல்லை. டிரமடாலை 2018-ல் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். இப்போது நம் ஊர்ப் பேப்பரில் போதை மாத்திரை பிடிபட்டது என்றால் அநேகமாக டேபண்டடால்தான்.

கேஸாகிவிடுமோ என்று பயந்து பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. வைத்தியத்துக்குப் போனதற்காகக் கேஸ் வராது. பயன்படுத்தியதற்கே கேஸ் இருந்தாலும், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தர அதே போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது. 2017 மனநலச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவது குற்றம். சென்டரில் சேர்க்கும் முன் அதற்கு அனுமதி இருக்கிறதா, மனநல டாக்டர் வருகிறாரா, நீங்கள் பையனைத் தனியாகப் பார்த்துப் பேச விடுவார்களா என்று கேளுங்கள். "அடிச்சாவது திருத்துங்க சார்" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அப்படி அடித்துச் செத்த செய்திகள் பேப்பரில் வந்திருக்கின்றன.

வீட்டில் யாராவது எழுப்பினாலும் எழாமல், கரகரவென்று குறட்டையோடு மூச்சு விட்டு விட்டு வந்து, உதடு நீலமானால் அது தூக்கம் கிடையாது. 108-க்குக் கூப்பிட்டு, என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நலாக்சோன் மருந்து நேரத்துக்குக் கிடைத்தால் மூச்சு திரும்பும். அமெரிக்காவில் 2023 முதல் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகச் சீட்டு இல்லாமலே விற்கிறார்கள். இங்கும் அப்படி மெடிக்கலில் வாங்கும் நிலை வர வேண்டும்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446-க்கு அழைக்கலாம், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். மனநல ஆலோசனைக்கு 14416. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு நேராகவும் போகலாம். போகும்போது காலி மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு எடுத்தான் என்று டாக்டரிடம் அவனையே சொல்லச் சொல்லுங்கள். பழைய மாத்திரை உடம்பில் இருக்கும்போதே பியூப்ரனார்ஃபினை ஆரம்பித்தால் அந்த எலும்பு வலியும் வயிற்றுப்போக்கும் ஒரேயடியாக வந்துவிடும், அதனால்தான் டாக்டர் அதைக் கேட்பார். அவன் சொல்லும் நேரத்தில் அம்மாவும் அப்பாவும் கொஞ்சம் வெளியே நில்லுங்கள், பையன் உண்மையைச் சொல்வான்.