எடிட் பண்ணாத போட்டோவும் ஏமாத்தும்

வீட்டு கடல்நீர் டேங்க்ல வளர்க்க கோரல் (பவளம்) வாங்குறது பத்தி மேல ஒருத்தர் "கடைக்காரர் எடிட் பண்ணலன்னு சொன்னா போதும், போட்டோல இருக்குற கலர்தான் வீட்டு டேங்க்லயும் வரும்"னு போட்டிருக்கார், இது தப்புங்க, புதுசா ஆரம்பிக்கிறவங்க இதை நம்பி காசை விடுவாங்க. எடிட்டே பண்ணாம வெறும் நீல லைட்லயே கலரை தூக்கிடலாம். கோரலோட திசுல ஃப்ளோரசன்ட் புரோட்டீன் இருக்கு, அது 450 நானோமீட்டர் பக்கத்துல இருக்குற நீல வெளிச்சத்தை வாங்கி பச்சை, ஆரஞ்சுன்னு திருப்பி விடும், அதே பீஸை வெள்ளை லைட்ல வெச்சா திசுக்குள்ள வாழுற பாசியோட பிரவுன்தான் நிறைய தெரியும். அதுமேல ஆரஞ்சு ஃபில்டர் போட்டு எடுத்தா நீலம் மறைஞ்சு மத்த கலர் மட்டும் பளிச்னு நிக்கும்.

அதனால கோரலை பாக்காதீங்க, சுத்தி இருக்குறதை பாருங்க. கோரலை ஒட்டி வெச்சிருக்குற வெள்ளை பிளக் (சின்ன அடிக்கட்டை), மணல் எல்லாம் நீலமா ஊதாவா தெரிஞ்சா லைட்டோட வேலை, பாறைல இருக்குற சாதாரண பிங்க் பாசிகூட நியான் மாதிரி கத்துச்சுன்னா எடிட்ல சாச்சுரேஷன் (கலரோட அடர்த்தி) ஏத்திருக்கலாம். வெள்ளை லைட்ல ஒரு சின்ன வீடியோ கேளுங்க, தர மாட்டேன்னா நான் வாங்க மாட்டேன்.

இன்னொன்னு, வெளிர் பிங்க், வெளிர் நீலம்னு அழகா இருக்குற அக்ரோபோரா (கிளை கிளையா வளர்ற ஒரு கோரல் வகை) சில சமயம் பாசியை இழந்து வெளுத்துட்டு இருக்குற பீஸா இருக்கும், அடிப்பக்கம் திசு உரிஞ்சு வெள்ளை எலும்பு தெரியுதான்னு பக்கவாட்டு போட்டோ கேட்டு பாருங்க.