ஐபோன் 3ஜிஎஸ்: பழைய வாடிக்கையாளர்களுக்குச் சலுகையே இல்லையா?

2009 ஜூனில் ஐபோன் 3ஜிஎஸ் வந்தபோது, ‘199 டாலர் விலை புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும்தான், ஏடி அண்ட் டி தொலைபேசிச் சேவை நிறுவனத்தின் பழைய வாடிக்கையாளர்களுக்குக் கிடையாது’ என்ற பேச்சு அமெரிக்காவில் பரவியது. அது தவறு.

199 டாலர் என்பது ஈராண்டு சேவை ஒப்பந்தத்தை நம்பி ஏடி அண்ட் டி தந்த மானிய விலை. முன்பு பெற்ற மானியத்துக்கான காலம் முடியாதவர்களிடம்தான் அதே 16 ஜிபி மாடலுக்கு 399 டாலர் கேட்டார்கள். 2007இல் மானியமில்லாமல் முதல் ஐபோனை வாங்கியவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

2008இல் முந்தைய மாடலான ஐபோன் 3ஜியை வாங்கியவர்கள் கொதித்தது நியாயமே; ஓராண்டுக்குள் கூடுதலாக 200 டாலர் என்றால் யாருக்குத்தான் வலிக்காது? அந்த எதிர்ப்புக்குப் பணிந்து, ஜூலை முதல் செப்டம்பருக்குள் மானிய விலைக்குத் தகுதி பெறவிருந்தவர்களுக்கும் உடனே 199 டாலருக்குத் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.